செங்கலடி முதல் நுவரெலியா வரை: மலைப் புல்லினங்கள் எங்கே வளரக்கூடும் என்பதைக் காலநிலையிலிருந்து அறிவதற்கான முழுமையான வழிகாட்டி

செங்கலடிச் சந்தியில் மேற்கே பிரியும் ஏ5 வீதி கரடியனாறு, பெரிய புல்லுமலை, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, ஹக்கலை ஆகிய ஊர்களின் வழியே நுவரெலியாவை அடைந்து, அங்கிருந்து பேராதனைக்கு இறங்குகிறது. கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் மேலே தொடங்கும் ஒரே வீதி ஏறத்தாழ 1,870 மீற்றர் வரை ஏறிச் செல்வதும், அது வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகிலேயே தொடங்குவதும், தாவரங்களின் பரம்பலைப் படிக்க விரும்பும் மட்டக்களப்பு மாணவர்களுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. அம்பாறையிலிருந்து புறப்படுவோர் உகணை வழியாக மகா ஓயாவுக்கு வந்து இதே வீதியில் சேர்ந்துகொள்ளலாம். உயர்தர உயிரியல், புவியியல் ஆசிரியர்களையும் பல்கலைக்கழக மாணவர்களையும், புற்களைப் பெயர் சொல்லி அறிய ஆசைப்படும் எவரையும் மனத்திற் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்னர் ஒரு கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓர் இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் ஆண்டு மழைவீழ்ச்சியும் அங்கே எந்தப் புல் வளரும் என்பதை அரைகுறையாகவே சொல்லும். ஒரு புல்லினத்தின் மேல் எல்லையைப் பெரும்பாலும் சில குளிர் இரவுகளும், கீழ் எல்லையைச் சில வறண்ட வாரங்களோ, தன்னைவிட வேகமாக வளரும் அயல் தாவரங்களோ தீர்மானிக்கின்றன. ஆகவே பின்வரும் படிகள் எல்லாவற்றிலும் நாம் தேடுவது ஒன்றே: அந்தப் புல்லை மேலே தடுப்பது எது, கீழே தடுப்பது எது?

முதற்படி: இனத்தைத் தெரிவுசெய்து, பெயரை உறுதிப்படுத்துதல்

எல்லாப் புற்களையும் ஒரே பயணத்தில் ஆராய முயல்பவர் எதையும் முடிப்பதில்லை. மூன்று அல்லது நான்கு இனங்கள் போதும். அவை வெவ்வேறு குத்துயரங்களைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். கல்லடிக் கடற்கரை மணலில் முள்முள்ளாக உருண்டு செல்லும் இராவணன் மீசை கரையோரத்துக்கே உரியது. வயல் வரப்பிலும் முற்றத்திலும் படரும் அறுகு தாழ்நிலம் முழுவதிலும் உண்டு. பிபிலையைச் சுற்றிய புல்வெளிக் காடுகளில், கடுக்காய், தான்றி, நெல்லி மரங்களுக்கு இடையே, இலுக்குப் புல்லும் மானாப்புல்லும் ஆளுயரத்துக்கு நிற்கும். மானா என்று மலையகத் தமிழர் அழைக்கும் சிம்போபோகன் நார்டஸ் அங்கிருந்து ஊவாவின் உலர் பத்தனா எனப்படும் மலைப் புல்வெளிச் சரிவுகள் வரை ஏறுகிறது. ஏறத்தாழ 1,800 மீற்றருக்கு மேல், ஈரப் பத்தனா எனப்படும் குளிர்ந்த புல்வெளிகளில், அருண்டினெல்லா வில்லோசாவும் கிரைசோபோகன் நொடுலிபார்பிஸும் ஆட்சி செய்கின்றன. ஹோட்டன் சமவெளியின் நீரோடைக் கரைகளில் குருணா டென்சிஃபோலியா என்ற குட்டை மூங்கில் அடர்ந்து வளர்கிறது, அதுவும் புற்குடும்பமே.

பெயரை உறுதிப்படுத்தப் பூங்கொத்து வேண்டும். பூக்காத புல்லை இலையைக் கொண்டு மட்டும் இனங்காண்பது அனுபவசாலிகளுக்கும் கடினம். இலைத்தாள் தண்டை விட்டு விலகும் இடத்தை விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தால் அங்கே ஒரு மெல்லிய சவ்வோ, மயிர் வரிசையோ தெரியும்; அதன் வடிவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மானாப்புல்லைக் கசக்கினால் வரும் எலுமிச்சை வாசனை நல்ல துணைச்சான்று. ஐயமிருந்தால் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரக் காப்பகத்தின் மாதிரிகளோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி. இந்தப் படியில் நேரும் பிழை பின்வரும் எல்லாப் படிகளையும் கெடுத்துவிடும் என்பதால் இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாம் படி: வீதியை உயரத்தால் அளந்து பதிவுசெய்தல்

பயணத் திட்டத்தைக் கிலோமீற்றரால் வகுக்காதீர்கள். மகா ஓயா வரை பல கிலோமீற்றர் ஓடியும் குத்துயரம் அதிகம் மாறாது; லுணுகலைக்கு மேல் சில வளைவுகளிலேயே நூறு மீற்றர் ஏறிவிடும். ஆகவே ஒவ்வொரு 150 அல்லது 200 மீற்றர் உயர்வுக்கும் ஒரு நிறுத்தம் என்று வகுப்பது பொருத்தமானது. வீதி பசறையைக் கடந்து பதுளைப் பள்ளத்தாக்கில் சுமார் 680 மீற்றருக்கு இறங்கி, பின்னர் வெலிமடைப் பக்கம் மீண்டும் ஏறுவதால், ஒரே உயரத்தை மலையின் இரு முகங்களில் ஒப்பிடும் வாய்ப்பும் கிடைக்கிறது. அதைத் தவறவிட வேண்டாம். நான்காம் படியில் அது மிகவும் பயன்படும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் வீதியோரத்தை விட்டுச் சற்று உள்ளே சென்று, ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் அளவுள்ள கயிற்றுச் சட்டத்தைப் பல இடங்களில் விரித்து, அதனுள் உள்ள புல்லினங்களையும் அவை மூடியுள்ள பரப்பின் பங்கையும் எழுதுங்கள். வீதியோரம் வடிகால் நீராலும் வெட்டுதலாலும் வாகனங்கள் கொண்டுவரும் விதைகளாலும் மாற்றப்பட்ட நிலம். அதை மட்டும் பதிந்தால் மலையின் கதையை விட்டுவிட்டு வீதியின் கதையை எழுதுவோம். ஜீபிஎஸ் வாசிப்பு, குத்துயரம், சரிவு நோக்கும் திசை, மண்ணின் ஈரம், அண்மையில் தீப்பட்ட கரி அடையாளம், மாட்டுச் சாணம் ஆகியவற்றையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். தேடிய இனம் இல்லாத இடத்தில் "இல்லை" என்று எழுதுவது இருந்த இடத்தை எழுதுவதற்கு நிகரான தகவல். எல்லையை வரைய இரண்டும் தேவை. மகா ஓயாவுக்கு இரு புறமும் யானை நடமாட்டம் உள்ளதால் அப்பகுதியில் காலை நன்கு விடிந்த பின்னரே இறங்குங்கள். ஹோட்டன் சமவெளியும் ஹக்கலைக் காடும் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. அங்கே அனுமதியின்றி ஒரு தாளைக்கூடப் பறிக்காமல் படம் மட்டும் எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: வெப்பநிலையைக் கணித்து, பின்னர் இரவைத் தேடுதல்

உயரம் கூடும்போது காற்று குளிர்கிறது. ஆயிரம் மீற்றருக்குச் சராசரியாக 6 முதல் 6.5 பாகை செல்சியஸ் குறையும். மட்டக்களப்பின் ஆண்டுச் சராசரி சுமார் 27.5 பாகை. பதுளைக்கு 680 மீற்றருக்கான குறைவைக் கழித்தால் 23 பாகையை ஒட்டி விடை வரும். நுவரெலியாவுக்கு அதே கணக்கைச் செய்தால் 15 முதல் 16 பாகை வரும். உண்மைச் சராசரியும் 16 பாகையை ஒட்டியதே. இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு நன்றாகப் பொருந்துவது மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் கணக்கு பொருந்திவிட்டது என்பதால் புல்லின் எல்லையும் தெரிந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது.

காரணம், வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒரு மீற்றருக்கும் மேலே, வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. புல் தரையில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் முகிலற்ற, காற்றடங்கிய இரவொன்றில் புல்லின் இலை தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்த்து இழந்துகொண்டே இருக்கும். அப்போது இலையின் வெப்பநிலை பெட்டிக்குள் காட்டும் அளவைவிட மூன்று முதல் ஐந்து பாகை வரை கீழே போகலாம். பெட்டி 3 பாகை என்று காட்டும் விடியலில் புல் உறைந்து வெள்ளைப் படலம் போர்த்திருப்பது இதனாலேயே. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்குகிறது. எனவே அந்த மாதங்களில் நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களிலும் தேயிலையிலும் முதலில் கருகுவது மேட்டுச் செடியல்ல, பள்ளத்துச் செடியே. சில மீற்றர் உயர வேறுபாட்டுக்குள் சராசரிக் கணக்குக்கு நேர்மாறான நிலை உருவாகிறது.

ஹோட்டன் சமவெளியில் பள்ளங்களில் புல்லும் அவற்றைச் சூழ்ந்த மேடுகளில் குட்டைக் காடும் நிற்கும் காட்சியை விளங்கிக்கொள்ள இது ஒரு திறவுகோல். மரக்கன்றின் வளர்முனை நுனியில், காற்றில் வெளிப்பட்டு நிற்கிறது. ஓர் உறைபனி இரவு அதைக் கொன்றுவிடும். புல்லின் வளர்முனையோ தூரின் அடியில், பழைய இலைத்தாள்களின் போர்வைக்குள், தரைமட்டத்தில் இருக்கிறது. மேலே உள்ள இலை கருகினாலும் அடியிலிருந்து புதிது முளைக்கும். தமிழ்நாட்டின் நீலகிரியில் சோலைக் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே கூரிய எல்லை இருப்பதற்கும் உறைபனி மரக்கன்றுகளைக் கொல்வது ஒரு முக்கிய காரணம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டியது, உச்ச-இழிவு வெப்பமானியை அல்லது சிறிய வெப்பநிலைப் பதிகருவியை, வெயில் நேரே படாதவாறு வெள்ளை மறைப்பிட்டு, புல்மட்டத்தில் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்தில் வைப்பது. இரண்டு கருவிகள் மட்டுமே இருந்தால் ஒன்றைப் பள்ளத்திலும் மற்றதை அருகிலுள்ள சரிவின் நடுவிலும் வையுங்கள். வெவ்வேறு ஊர்களில் வைப்பதைவிட இது அதிகம் கற்பிக்கும்.

நான்காம் படி: மழையை மாதம் மாதமாகப் பார்த்தல்

இலங்கையில் ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதி உலர் வலயம், 2,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது ஈர வலயம், நடுவில் இருப்பது இடை வலயம் என்று வகுக்கப்பட்டுள்ளது. மட்டக்களப்பின் ஆண்டு மழை சுமார் 1,700 மில்லிமீற்றர். நுவரெலியாவினது சுமார் 1,900. இந்த இரு எண்களை மட்டும் பார்ப்பவர் இரண்டு ஊர்களும் ஈரத்தில் ஏறக்குறைய ஒன்றே என்று நினைப்பார். ஆனால் மட்டக்களப்பில் நம்முடைய மழையில் பெரும்பகுதி மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை நிலம் வெடிக்கிறது. நுவரெலியாவுக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் ஈரம் தருகின்றன. அவற்றுக்கு இடையிலும் மூடுபனி நிலத்தை நனைக்கிறது.

எந்த மாதம் வறண்டது என்று முடிவுசெய்ய, கோசன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் முன்வைத்த விதி எளிதானது: மில்லிமீற்றரில் மாத மழை, பாகை செல்சியஸில் அம்மாதச் சராசரி வெப்பநிலையின் இருமடங்கைவிடக் குறைந்தால், அது வறண்ட மாதம். மட்டக்களப்பில் ஜூன் மாதச் சராசரி 29 பாகை எனக் கொண்டால் 58 மில்லிமீற்றர் மழை வேண்டும். அம்மாதம் பெரும்பாலும் அதை எட்டுவதில்லை. நுவரெலியாவில் 15 பாகையுள்ள மாதத்துக்கு 30 மில்லிமீற்றரே போதும். ஆகவே ஒரு மாதத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது மட்டக்களப்பில் வறட்சி, நுவரெலியாவில் போதுமான ஈரம். குளிர் நீரைச் சேமித்துத் தருகிறது என்பதை இந்த ஒரு கணக்கே விளக்கிவிடும். வானிலை அவதான நிலையத் தரவை எடுத்து, உங்கள் நிறுத்தம் ஒவ்வொன்றுக்கும் அண்மைய நிலையத்தின் வறண்ட மாதங்களை எண்ணி அட்டவணையில் எழுதுங்கள். அவை தொடர்ச்சியாக வருகின்றனவா, பிரிந்து வருகின்றனவா என்பதையும் எழுதுங்கள். தொடர்ந்து வரும் நான்கு வறண்ட மாதங்கள், இரண்டிரண்டாகப் பிரிந்து வரும் நான்கைவிடப் பல்லாண்டுப் புல்லுக்குக் கொடியவை.

இங்கேதான் கச்சான் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசி, உதட்டை வெடிக்கவைத்து, துணியை அரை மணிக்குள் காயவைக்கும் அந்தக் காற்றை மட்டக்களப்பில் அறியாதவர் இல்லை. அது புறப்படும்போது ஈரமான தென்மேற்குப் பருவக் காற்று. மலையின் மேற்குச் சரிவில் ஏறுகையில் நீராவி ஒடுங்கி மழையாகக் கொட்டுகிறது. ஒடுங்கும்போது வெளிப்படும் வெப்பம் காற்றிலேயே தங்குவதால் ஆயிரம் மீற்றருக்கு ஐந்தாறு பாகை மட்டுமே அது குளிர்கிறது. கிழக்கே இறங்கும்போது முகில் இல்லை. ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை வீதம் சூடேறுகிறது. ஏறியபோது இழந்ததைவிட இறங்கும்போது பெற்றது அதிகம் என்பதால், அது நம்மிடம் வந்து சேரும்போது வெப்பமும் வறட்சியும் மிக்கதாகிவிடுகிறது. அல்ப்ஸ் மலைப்பகுதியில் ஃபோன் என்று சொல்லப்படும் காற்றின் இனத்தைச் சேர்ந்தது நம் கச்சான். உலக வானிலைச் சொற்களஞ்சியங்களில் மட்டக்களப்பின் பெயரோடு அது இடம்பெற்றிருப்பது நமக்குப் பெருமை.

இதே காற்று ஊவாவிலும் வேலை செய்கிறது. நுவரெலியா முகடு மழையில் நனையும் ஜூலையில், அதன் கிழக்கே வெலிமடையும் பண்டாரவளையும் மழை மறைவில் காய்கின்றன. ஒரே குத்துயரத்தில் மேற்குச் சரிவில் ஒரு புல்லும் கிழக்குச் சரிவில் வேறொரு புல்லும் இருப்பதற்கு இதுவே முதற்காரணம். மானாப்புல் ஆளும் உலர் பத்தனா ஊவாப் பக்கம் விரிந்து கிடப்பதும் இதனாலேயே. லுணுகலை, பசறைப் பக்கச் சரிவு வடகிழக்குக் காற்றை நேரே ஏற்று மாரி மழையை நிறையப் பெறுகிறது. பதுளைக்கு அப்பால் நிலைமை வேறு. இரண்டாம் படியில் இரு முகங்களிலும் ஒரே உயரத்தில் எடுத்த பதிவுகளை இப்போது அருகருகே வையுங்கள். அங்கே வெப்பநிலை ஏறத்தாழச் சமமாக இருப்பதால், இனப்பட்டியலில் காணும் வேறுபாட்டுக்கு மழையின் பங்கைத் தேடுவது எளிதாகும்.

ஐந்தாம் படி: இலையை வெட்டிப் பார்த்தல்

புற்கள் ஒளித்தொகுப்புச் செய்யும் முறை இரு வகைப்படும். சி3 முறையில், ரூபிஸ்கோ என்ற நொதியம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை நேரடியாகப் பிடிக்கிறது. வெப்பம் கூடும்போது அது தடுமாறி ஒட்சிசனையும் பிடித்துவிடுவதால் ஒளிச்சுவாசம் என்ற இழப்பு ஏற்படுகிறது. சி4 முறையில், இலைநடுக் கலங்கள் காபனீரொட்சைட்டை முதலில் வேறொரு நொதியத்தால் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள கட்டுமடற் கலங்களுக்குள் செறிவாக்கி அனுப்புகின்றன. ரூபிஸ்கோ அங்கே ஒட்சிசனின் இடையூறின்றி வேலை செய்கிறது. இதற்கு மேலதிக ஆற்றல் செலவாகும். வெப்பமான இடத்தில் அந்தச் செலவு இலாபம். குளிர்ந்த இடத்தில் நட்டம். இக்கால வளிமண்டலத்தில் மாதச் சராசரி 22 பாகையை ஒட்டிய அளவில் இலாபமும் நட்டமும் சமமாகின்றன என்பது பரவலாகப் பயன்படும் மதிப்பீடு.

இதை நேரில் காணப் பாடசாலை நுணுக்குக்காட்டி போதும். ஒரு வயலுக்குச் சென்று, நெல்லின் இலை ஒன்றையும் அதே வரப்பிலிருந்து அறுகின் இலை ஒன்றையும் எடுங்கள். புதிய சவர அலகால் இலையைக் குறுக்காக, ஒளி ஊடுருவும் அளவு மெல்லியதாகச் சீவி, ஒரு துளி நீரில் வைத்து நோக்குங்கள். அறுகின் நரம்பு ஒவ்வொன்றையும் சுற்றிப் பெரிய, கரும்பச்சைக் கலங்கள் மாலைபோல் வளைந்து நிற்கும். அடுத்தடுத்த நரம்புகளுக்கு இடையே இரண்டு முதல் நான்கு இலைநடுக் கலங்களே இருக்கும். அதுவே சி4 புல். நெல்லில் அந்த மாலை வெளிறியிருக்கும், நரம்புகள் விலகியிருக்கும், இடையில் பல கலங்கள் இருக்கும். நெல் சி3. இவ்வளவு வெப்பமான ஊரில் சி3 புல்லொன்று நமக்குச் சோறு போடுவது எப்படி என்று மாணவர் கேட்பார்கள், கேட்கட்டும். வயலில் கட்டிய நீரும் களை பிடுங்கும் கையுமே அதன் விடை. அவை இல்லாவிட்டால் வரப்பிலுள்ள அறுகு வயலுக்குள் இறங்கிவிடும். ஹிங்குராணைக் கரும்பும் நம் சோளமும் சி4 புற்கள்.

இப்போது மலைக்கு வாருங்கள். கென்யாவைப் பற்றி 1979 இல் வெளியான ஆய்வு, 2,000 மீற்றருக்குக் கீழே திறந்த புல்வெளிப் புற்கள் ஏறத்தாழ முழுவதும் சி4 ஆகவும், 3,000 மீற்றருக்கு மேலே ஏறத்தாழ முழுவதும் சி3 ஆகவும் இருப்பதைக் காட்டியது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர். அதாவது நம் மலைகள் அந்த மாற்றப் பட்டைக்குள் நுழைந்து, அதைத் தாண்டும் முன்னரே முடிந்துவிடுகின்றன. எனவே ஹோட்டன் சமவெளியில் ஆண்டுச் சராசரி 13 பாகையளவே இருந்தும், அங்கே ஆட்சி செய்யும் அருண்டினெல்லாவும் கிரைசோபோகனும் சி4 புற்கள். குட்டை மூங்கிலும், ஈரமான இடங்களில் வாழும் ஐசாக்னேயும், அக்ரோஸ்டிஸ் போன்ற குளிர்நிலப் புற்களும் சி3. 22 பாகை விதியை அப்படியே பொருத்துபவர் இங்கே ஏமாறுவார்.

விதி ஏன் வளைகிறது? பகலில் திறந்த வெளியில் வெயில் பட்ட இலை காற்றைவிடச் சூடாக இருப்பது ஒரு காரணம். குலவழி இன்னொரு காரணம். கோதுமை, ஓட்ஸ், அக்ரோஸ்டிஸ் ஆகியவற்றின் குலம் குளிரைத் தாங்கும் ஆற்றலைப் பழங்காலத்திலேயே பெற்றுவிட்டது. சி4 புற்கள் வெப்பநில முன்னோரிலிருந்து வந்தவை. எரிக்கா எட்வர்ட்ஸ், ஸ்டீபன் ஸ்மித் இருவரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, குளிர்ப் பகுதிகளில் சி3 புற்கள் மிகுந்திருப்பதற்கு ஒளித்தொகுப்பு முறையைவிட இந்தக் குலவழி வேறுபாடே பெரிதும் காரணம் என்று வாதிட்டது. எனவே உங்கள் அட்டவணையில் சி3, சி4 என்ற நிரலுக்குப் பக்கத்தில் புல்லின் குலத்துக்கும் ஒரு நிரல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: காலநிலை அல்லாத காரணங்களைப் பிரித்தெடுத்தல்

ஒரு புல் ஓர் இடத்தில் இல்லை என்றால், காலநிலை அதை விடவில்லை என்பது ஒரு விளக்கம் மட்டுமே. ஊவாச் சரிவுகளில் கோடையில் வைக்கப்படும் தீ, மரங்களை அழித்து மானாவுக்கும் இலுக்குக்கும் இடம் திறக்கிறது. முற்றிய மானாவை மாடு விரும்பாததால், மேய்ச்சல் மிகுந்த இடத்தில் அதுவே எஞ்சுகிறது. தேயிலைக்காக வெட்டப்பட்ட சரிவில் இன்று காணும் புல், அந்தக் காலநிலையின் இயல்பான புல் என்று சொல்ல முடியாது. சில புற்களோ வந்து சேரவே இல்லை: கிழக்கு ஆபிரிக்க மேட்டுநிலத்துக்குரிய கிகுயுப் புல், மனிதர் கொண்டுவந்து நட்ட பின்னர் நுவரெலியா, அம்பேவலை மேய்ச்சல் நிலங்களில் செழித்திருக்கிறது. காலநிலை முன்பே இடம் கொடுத்திருந்தது; கடலைத் தாண்டும் வழிதான் இல்லாதிருந்தது.

இவற்றைப் பிரிக்க உதவும் மிகச் சிறந்த சோதனை சட்டி நடவு. உலர் பத்தனாவில், பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியே, நில உரிமையாளரின் சம்மதத்துடன் மானாவின் தூர்கள் சிலவற்றை எடுத்து, மட்டக்களப்பில் ஒரே மண்ணை நிரப்பிய சட்டிகளில் நடுங்கள். ஒரு தொகுதிக்கு நீரூற்றிக் களை பிடுங்குங்கள். இரண்டாவதற்கு நீர் மட்டும். மூன்றாவதற்குக் களை பிடுங்குதல் மட்டும். நான்காவதை அப்படியே விடுங்கள். முதல் தொகுதி வாழ்ந்து மூன்றாவது கச்சான் காலத்தில் மடிந்தால் தடையாக இருப்பது வறட்சி. இரண்டாவதை அயற்புற்கள் மூடிவிட்டால் தடை போட்டி. நான்கும் வாழ்ந்தால் வெப்பநிலை தடையே அல்ல. பூத்து விதைக்குமுன் பூங்கொத்தை வெட்டிவிட வேண்டும். இல்லாத இடத்தில் ஒரு புல்லைப் பரப்பிவிடும் உரிமை நமக்கில்லை.

ஏழாம் படி: வரைபடம் செய்தல்

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளும், வேர்ல்ட்கிளிம் என்ற இலவசக் காலநிலைத் தரவும் போதுமானவை. வேர்ல்ட்கிளிம் தரும் மிக நுண்ணிய கட்டம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அகலமுடையது. வயல்வெளியில் ஒரு கிலோமீற்றர் ஒன்றுமில்லை. மலையில் அதுவே பெரிய இடர். ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ எனப்படும் பாறை விளிம்பில் நிலம் 800 மீற்றருக்கும் அதிகமாகச் செங்குத்தாக விழுகிறது. ஒரே கட்டத்துக்குள் குளிர்ந்த பத்தனாவும் வெப்பமான அடிவாரமும் சேர்ந்து, இரண்டுக்கும் பொருந்தாத ஒரு நடுவெப்பநிலை எழுதப்பட்டுவிடும். எனவே பழைய உலர்மாதிரிப் பதிவுகளையோ ஜிபிஃப் என்ற உலக உயிரினப் பதிவுத் தளத்தின் தரவையோ சேர்க்கும்போது, மாதிரிச் சீட்டில் எழுதிய உயரத்தையும் அந்த ஆள்கூற்றின் வரைபட உயரத்தையும் ஒப்பிட்டு, 150 மீற்றருக்கு மேல் வேறுபட்டால் அப்பதிவை ஒதுக்கிவிடுங்கள். இது கடுமையான விதி என்று சிலர் சொல்லக்கூடும்; ஒரு பாகை வெப்பநிலைப் பிழையோடு வரைந்த எல்லை யாருக்கும் உதவாது என்பது என் எண்ணம்.

வேர்ல்ட்கிளிம் தரும் பத்தொன்பது உயிர்க்காலநிலை மாறிகளையும் ஒன்றாகப் போட வேண்டாம். அவற்றில் பல ஒன்றையொன்று பின்பற்றுபவை. நாம் மூன்றாம், நான்காம் படிகளில் அறிந்தவற்றுக்கு நேரே பொருந்தும் நான்கைந்தைத் தெரிவுசெய்யுங்கள்: மிகக் குளிர்ந்த மாதத்தின் இழிவு வெப்பநிலை, மிக வெப்பமான காலாண்டின் சராசரி, மிக வறண்ட காலாண்டின் மழை, மழையின் பருவ வேறுபாடு. ஒரே கட்டத்திலுள்ள பல பதிவுகளை ஒன்றாக்கிய பின் எஞ்சும் புள்ளிகள் இருபதுக்கும் குறைவாயின் இனம் வாழக்கூடிய இடங்களைக் கணிக்கும் மெக்ஸ்என்ட் போன்ற கணினி மாதிரியாக்கத்துக்குப் போகாமல், ஒவ்வொரு மாறிக்கும் இழிவும் உச்சமும் குறித்த எளிய எல்லை அட்டவணையோடு நிறுத்துவதே நேர்மை. கணினி மாதிரியைச் சோதிக்கும்போது புள்ளிகளைத் தற்போக்காகப் பிரிக்காமல், பசறைப் பக்கத்தை வைத்துக் கட்டி வெலிமடைப் பக்கத்தில் சோதியுங்கள். அங்கே தோற்றால், மாதிரி காலநிலையைக் கற்காமல் இடத்தை மனனம் செய்திருக்கிறது.

எட்டாம் படி: வெப்பமாகும் காலத்துக்குக் கணித்தல்

ஆயிரம் மீற்றருக்கு ஆறு முதல் ஆறரைப் பாகை என்ற வீதத்தைத் திருப்பிப் போட்டால், ஒரு பாகை வெப்பமேற்றம் ஏறத்தாழ 160 மீற்றர் உயர்வுக்குச் சமம். உலர் பத்தனாப் புற்கள் மேலே செல்ல இடமுண்டு. ஹோட்டன் சமவெளியின் புற்களுக்கு அது இல்லை. 2,100 மீற்றரில் வாழும் ஓரினம் இரண்டு பாகை வெப்பமேற்றத்துக்கு ஈடாக 320 மீற்றர் ஏற வேண்டுமானால், அந்த உயரத்தில் எஞ்சுவது பிதுருதலாகலையின் நுனி மட்டுமே. அதைவிட உடனடியான ஆபத்து உறைபனி குறைவது. உறைபனி இரவுகள் அருகினால் மரக்கன்றுகளும், ஏற்கெனவே ஹோட்டன் சமவெளியில் பரவி வரும் யூலெக்ஸ் என்ற ஐரோப்பிய முட்புதரும் பள்ளங்களுக்குள் இறங்கத் தடை குறையும். வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு கூடுவதும் சி3 தாவரங்களான மரங்களுக்கே அதிகம் உதவும். கிகுயுப் புல்லைப் போன்ற, வேகமாகப் பரவும் அயற்புற்களுக்கும் வெப்பமேற்றம் வழிவிடலாம்.

இதற்கு எதிர்மாறான பழைய சான்றும் உண்டு. இந்திய ஆய்வாளர் ஆர். சுகுமாரும் அவரது குழுவினரும் 1993 இல் நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவுகளிலுள்ள காபன் சமதானிகளை (வெவ்வேறு நிறையுள்ள காபன் அணுக்களை) ஆராய்ந்து, கடந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் சி3, சி4 தாவரங்கள் ஒன்றின் இடத்தை மற்றது மாறி மாறிப் பிடித்திருப்பதைக் காட்டினர். குளிர் மிகுந்த பனியுகத்தின் உச்சத்தில் அங்கே மிகுந்திருந்தவை சி4 புற்கள். வறட்சியும் குறைந்த காபனீரொட்சைட்டும் குளிரின் விளைவை மீறிவிட்டன. எதிர்கால வரைபடத்தை வெப்பநிலையை மட்டும் கூட்டி வரைபவர்களுக்கு இந்தச் சேற்றுப்படிவு ஒரு நேரடி மறுப்பு; மழையையும் காபனீரொட்சைட்டையும் சேர்க்காத எந்த வரைபடத்தையும் நான் ஏற்பதில்லை.

ஒன்பதாம் படி: பதிவைப் பிறர் தொடரும்படி வைத்தல்

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிலையான பாறை, மைல்கல், பாலம் போன்ற ஓர் அடையாளத்தில் நின்று நான்கு திசைகளிலும் படம் எடுத்து, திசையைப் பாகையில் எழுதுங்கள். பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியே எடுத்த மாதிரிகளைச் செய்தித்தாள் மடிப்பில் அழுத்தி, ஈரப்பதம் மிகுந்த நம் மாரிக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க நாள்தோறும் தாளை மாற்றிக் காயவையுங்கள். சீட்டில் இடம், ஆள்கூறு, குத்துயரம், சரிவின் திசை, திகதி, சேகரித்தவர் பெயர் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். இரட்டைப் பிரதியில் ஒன்று உங்கள் நிறுவனத்திலும் மற்றது பேராதனைக் காப்பகத்திலும் இருப்பது நல்லது. ஒவ்வோர் இனத்துக்கும் கடைசியாகக் கண்ட மேற்புள்ளியின் உயரத்தையும், முதலில் கண்ட கீழ்ப்புள்ளியின் உயரத்தையும், அவற்றுக்கு அப்பால் தேடியும் காணாத இரு நிறுத்தங்களின் உயரங்களையும் தனித்தாளில் எழுதிக் கோப்பின் முதற்பக்கத்தில் இணையுங்கள். மீள்பதிவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, புற்கள் பூத்திருக்கும் அதே மாதத்தில், அதே நிறுத்தங்களில் செய்ய வேண்டும்.